மகளை விசாரிக்க வந்த தூதர்

1

இந்த நாட்டின் பெயரை நான் எழுதக்கூடாதாம். மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் கையெழுத்து வைத்த தாள்களில் ஏதோ ஒன்றில் அப்படி இருக்கிறதாம். வடக்கே இருக்கிறது, குளிர் கூட, பஸ் நேரத்துக்கு வரும், பக்கத்து வீட்டுக்காரனுக்கு என் பெயர் இன்னும் தெரியாது. இவ்வளவும் எழுதலாம் என்று அனுமதி தந்திருக்கிறாள். இலங்கையின் கிழக்குக் கரையில் என் ஊரான சாய்ந்தமருதில் இருக்கும் என் வாசகர்கள், அதாவது என் மூத்த சகோதரர் நானாவும் அவருடைய கூட்டாளிகள் நாலு பேரும், இதை வைத்து எந்த நாடென்று கண்டுபிடித்துக் கொள்ளட்டும்.

நான் இங்கே வந்து இருபத்தெட்டு வருசம். வந்த நாளிலிருந்து ஒரே ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பகுதியில்தான் வேலை. முதலில் மெசினுக்குள் துணி போட்டேன், இப்போது துணி போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். விடியக் காலையிலிருந்து படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டுப் பின்னேரம் பஸ்ஸில் ஏறி, போனைக் காதில் வைத்தால் ஊர் வந்துவிடும். வாட்ஸப்பில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று குழுக்கள் இருக்கின்றன. ஒன்று உள்நாட்டில் பிறை பார்க்கிறவர்களுக்கு. ஒன்று சவூதிப் பிறைக்குப் பெருநாள் எடுக்கிறவர்களுக்கு. மூன்றாவது, இந்த இரண்டு பக்கமும் சண்டை பிடிக்காமல் மௌத்தானவர்களின் மரண அறிவித்தல் மட்டும் போடுவதற்கு. மூன்றாவதிலும் சண்டை பிடிக்கிறார்கள்.

இருபத்தெட்டு வருசத்தில் இந்த நாட்டு அரசாங்கம் என்னிடம் ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. வரி கட்டினேனா, குப்பையை ஒழுங்காகப் பிரித்தேனா, அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவை. இந்த வருசம்தான் முதல் தடவையாக ஆள் அனுப்பி, உங்கள் ஊர் எப்படிப்பட்டது என்று கேட்டார்கள். நானும் சொன்னேன். அதனால் மகளுக்குக் கிடைக்க இருந்த வேலை கைநழுவிப் போகப் பார்த்தது. அந்தக் கூத்தைத்தான் எழுதப் போகிறேன்.

2

மகள் நுஸ்ரத் இங்கேயே பிறந்தவள். தமிழ் கதைப்பாள். ஆனால் "வாப்பா, நான் ஒரு பசி வைத்திருக்கிறேன்" என்று இந்த நாட்டுப் பாஷையை அப்படியே தூக்கி வைத்துக் கதைப்பாள். பசியை எங்கே வைத்திருக்கிறாய் என்று நான் கேட்டால் அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்க மாட்டாள். பல்லு டொக்டருக்குப் படி என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். சர்வதேச அரசியல் படித்தாள். படித்து முடித்து வெளிநாட்டு அலுவல்களைப் பார்க்கும் திணைக்களத்துக்கு விண்ணப்பித்தாள். எழுத்துப் பரீட்சை பாஸ், நேர்முகம் பாஸ். பாதுகாப்புச் சரிபார்ப்பு மட்டும் மிச்சம்.

அந்த நாட்களில் அவள் ஒரு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஓய்வு பெற்ற தூதர் ஒருவர் எழுதியது. தெற்காசியாவில் மதத் தீவிரவாதமும் பிராந்திய அரசியல் ஸ்திரத்தன்மையும் என்று தலைப்பு. அதற்குள் ஒரு வரைபடம் இருந்தது. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எங்கள் கரையோரம் முழுக்கச் செம்மஞ்சள் பூசிக் கிடந்தது. எனக்குப் பார்க்கச் சந்தோசம். நெல் விளைகிற இடம் என்று காட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"இல்ல வாப்பா. செம்மஞ்சள் எண்டா உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம்."

"எங்கட வீட்டு வளவுமா?"

"வளவு, பள்ளிவாசல், மாமாட கராஜ், எல்லாம்."

மாமா என்று அவள் சொன்னது என் மனைவி றகீமாவின் தம்பி அன்சாரை. சாய்ந்தமருதுக் கடற்கரை ஒழுங்கையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். ஊரில் அவரை எஞ்சின் பாஸ் என்பார்கள்.

இந்த அறிக்கையை எழுதியவர் எங்கள் ஊரில் எத்தனை நாள் இருந்தார் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. "நான் இலங்கையப் பாக்கிற மேசைக்குப் போகோணும் வாப்பா. போய் இத நானே திருத்தி எழுதோணும்" என்றாள். ஊருக்கு ஆறு தரம் போயிருக்கிறாள். ஆறு தரமும் நுளம்பு கடித்து அழுதுகொண்டு வந்தவள்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. விண்ணப்பதாரியின் பெற்றோரோடு வீட்டில் ஒரு சினேகபூர்வமான உரையாடல் நடக்கும், விண்ணப்பதாரி அப்போது வீட்டில் இருக்கக்கூடாது. பிராந்தியத்தை நன்கு அறிந்தவர் என்ற முறையில் வரப்போகிறவர், அந்த அறிக்கையை எழுதிய அதே தூதர்.

3

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்குள் கலியாணம் பேசினால் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது. வீடும் பெண்ணுக்குத்தான் கட்டிக் கொடுப்பது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள். ஒரு பெரிய மனிசனை விட்டுப் பெண்ணை விசாரிப்பார்கள். அவர் வந்து இருந்து, பிள்ளையின் குணம் என்ன, என்ன குடி வழி, சொந்தக்காரர் ஆர் ஆர் என்று மெல்லக் கேட்பார். அப்போது பெண் வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, சொந்தக்காரரை எவ்வளவு அதிகமாகக் காட்ட முடியுமோ அவ்வளவு காட்ட வேண்டும். மற்றது, பொலிசு, கோட்டு வழக்கு என்ற சொற்கள் அந்த ஒரு மணித்தியாலம் வீட்டுக்குள் வரவே கூடாது.

கடிதத்தை நான் றகீமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நாடியில் கைவைத்துக் கேட்டாள்.

"பிள்ள ஊட்ட இரிக்கப்படாது. தாய் தகப்பன்ட்ட கேப்பாங்க. ஆள் நல்லமா எண்டு பாத்துட்டு மறுகா முடிவு சொல்லுவாங்க. இது என்ன எண்டு விளங்குதா உங்களுக்கு?"

"விளங்குது."

"அப்ப தொதல் கிண்டோணும்."

விசாரிக்க வருகிறவர்களுக்கு வைக்கிற இனிப்புப் பலகாரம் அது; சிரிக்காதீர்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இத்தனை வருசம் இந்த நாட்டில் இருந்தும், ஒரு அரசாங்கம் ஒரு பெண்பிள்ளையைப் பற்றி வீடு தேடி வந்து விசாரிப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

தூதர் வந்தார். நல்ல உயரம், தோளில் தோல் பை. வாசலில் நின்று "ஆயுபோவன், வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். கொழும்பில் நாலு வருசம் வேலை பார்த்ததில் ஒருவரையும் விட்டுவிடக்கூடாது என்று பழகிவிட்டதாம். மனிசன் நல்லவர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

றகீமா வட்டிலப்பம், தொதல், கொக்கிஸ் எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பினாள். அவர் இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்டார். விசாரணைக்கு வந்த இடத்தில் சூடான பானம் மட்டும்தான் வாங்கலாம், திண்பண்டம் வாங்கினால் தனியாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றார். றகீமா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"பலகாரம் தொடல்ல. இது சரிவராது."

"அவருக்குச் சட்டமாம் புள்ள."

"மாப்புள ஊட்டாரும் சீனி வருத்தமெண்டுதான் சொல்லுற. சம்மதமில்லாட்டி அப்பிடித்தான்."

அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்துக்கொண்டு திரும்பி வந்து இருந்தேன். நாங்கள் கதைத்தது இந்த நாட்டுப் பாஷையில். ஆனால் என் வாயில் அது எப்படியும் ஊர்த் தமிழாகத்தான் வருகிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"இலங்கையில் உங்களுக்கு நெருங்கிய உறவினர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

நான் தொடங்கினேன். நானா, ராத்தா, மச்சான்மார், அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகளைக் கட்டியவர்கள், கட்டியவர்களின் உம்மா வாப்பாமார். மருதமுனைக்குப் போனேன், நிந்தவூருக்குத் திரும்பினேன், அக்கரைப்பற்றில் கொஞ்சம் நின்றேன். அவர் முதலாம் தாளை நிரப்பி, மறுபக்கம் திருப்பி, பையிலிருந்து இன்னொரு தாள் எடுத்து, கடைசியில் என் மின்சாரக் கட்டணக் கடிதத்தின் உறையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"இவர்கள் எல்லோரும் நெருக்கமா?"

"ஒரே வளவு. நடுவுல மதிலும் இல்ல" என்றேன் பெருமையாக.

"அரசியலில் யாராவது?"

"என்ன கேக்கிறீங்க! எங்கட பெரியப்பாட மகன் பெரிய ஆள். மூணு கச்சியில இருந்தவர்."

"ஒரே நேரத்திலா?"

"சீ சீ. ஒரு எலக்சனுக்கு ஒண்டு."

பிறப்பால் அல்லது சத்தியப்பிரமாணத்தால் எந்தக் குழுவிலாவது அங்கத்துவம் உண்டா என்று அடுத்த கேள்வி. இதற்கு இல்லை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. நான் எங்கள் குடியின் பெயரைச் சொன்னேன். குடி என்பது தாய்வழியாக வருவது, பள்ளி நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் பிரதிநிதியாக ஒரு மரைக்கார், கலியாணத்துக்கும் மௌத்துக்கும் குடி ஆட்கள் வந்து நிற்பார்கள் என்று எல்லாம் விளக்கினேன். அவர் பேனையைத் திறந்தார்.

"தலைவர் யார்?"

"குடிட பேரில ஒரு நாச்சி இரிக்கா, எல்லாருக்கும் மூத்தும்மா மாதிரி. அவ மௌத்தாகி எத்தின தலமுற எண்டு ஆருக்கும் தெரியா."

"உறுப்பினர்கள் விலக முடியுமா?"

"விலகுறதா? மௌத்தானாலும் ஏலாது."

எழுதிக்கொண்டார். பிறகு, உங்கள் பிரதேசத்தில் பிரிந்து போக வேண்டும் என்ற இயக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டார். ஓம், கடுமையாக இருக்கிறது, என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை வேண்டும், கல்முனையோடு இருக்க ஏலாது என்று சனம் கேட்டுக்கொண்டு நிற்கிறது, போன லீவில் நானும் ஊர்வலத்தில் நடந்தேன் என்று சொன்னேன்.

"வன்முறை?"

"கூட்டத்துல ரெண்டு கதிர உடைஞ்ச. இரிக்கிறதுக்கு எடுத்த வாடகைக் கதிர."

தீவிரவாதத்துக்கு வந்தார். குடும்பத்துக்குள் கடும்போக்கான ஆட்கள் இருக்கிறார்களா என்று மிகவும் மென்மையாகக் கேட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன். றகீமாவின் ஆட்கள் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றுக் கந்தூரி விழாவுக்குப் போகிறவர்கள். என் நானாவுக்கு அது கண்ணில் காட்டக் கூடாது, மார்க்கத்தில் இல்லாத வேலை என்பார். அவருக்குப் பெருநாளும் எங்களுக்கு ஒரு நாள் முந்தி. இதைச் சொன்னதும், அப்படியானால் இரண்டு தரப்புக்கும் தொடர்பு அறுந்துவிட்டதா என்று கேட்டார்.

"ஏன் அறுபடுற? நானா பெருநாள் எண்டு வட்டிலப்பம் அனுப்புவாரு. எங்களுக்கு அண்டைக்கு நோன்பு. மஹ்ரிபுக்குப் பாங்கு சொன்ன பொறகு அதத்தான் திங்கிற."

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். பேனையை மூடிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

4

அதோடு எழுந்து போயிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். கடைசியாக ஒன்று என்று சொல்லி, பைக்குள் இருந்து ஒரு மெல்லிய விசாரணைக் கோப்பை எடுத்தார்.

"அந்த ஈஸ்டர் தாக்குதல்கள் நடந்த ஏப்ரல் மாதம் உங்கள் மைத்துனர் அன்சார் எங்கே இருந்தார்?"

வரக்கூடாத பொலிசு வீட்டுக்குள் வந்துவிட்டது.

நான் "பொத்துவில்" என்றேன். அதே நேரத்தில் றகீமா "ஒலுவில்" என்றாள்.

தூதர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல் ஒலுவில், மறுகா பொத்துவில். எஞ்சின் திருத்தப் போன" என்றேன்.

"கோமாரியிலயும் நிண்ட" என்று றகீமா சேர்த்துக்கொண்டாள். வாயைத் திறந்த பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை. என்ன எஞ்சின், ஆருடைய வள்ளம், வரும்போது என்ன மீன் கொண்டுவந்தார் என்பது வரைக்கும் சொன்னோம். பாரை மீன் என்று நான் சொன்னேன். பாரை நல்லதென்று தூதர் சொன்னார். கோப்பை மூடினார்.

உண்மை என்ன என்று உங்களுக்குச் சொல்கிறேன். நானாவும் கூட்டாளிகளும் இதை முதல் தரமாக முழுசாகக் கேட்கப் போகிறார்கள்.

அந்த நாட்களில் அன்சார் மச்சானின் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு வெளியூர்ச் சனம் வாடகைக்கு வந்திருந்தது. அவர்கள் மீன் வாங்கவில்லை. மீன்காரன் வாசலில் நின்று கத்தினாலும் கதவு திறப்பதில்லை. குப்பையில் தகரத்தில் அடைத்த ரின்மீன் பேணிகளாகக் கிடந்தன. கடலைப் பார்த்துக் குடியிருந்துகொண்டு ரின்மீன் தின்கிற சனம் சரியான சனமில்லை என்று அன்சாருக்குப் பட்டது. பள்ளியில் சொன்னார். பள்ளி ஆட்களோடு போய்ப் பொலிசிலும் சொன்னார். அந்தச் சனம் அதற்கு முதல் இரவே போய்விட்டது. ஆனால் வீட்டுக்குள் விட்டுப்போனது முழுக்கக் குண்டு செய்கிற சாமான். பக்கத்து வீட்டில் அன்சாரின் பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வேறு புலனாய்வு ஆட்கள் வாகனத்தில் வந்து அன்சாரையே கொண்டுபோனார்கள். இவ்வளவு விபரம் உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி. ரின்மீன் பேணி என்று அவர் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. மூன்று நாள் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் ஆள் வந்து சேர்ந்தார். இங்கே இருந்துகொண்டு நாங்கள் அந்த மூன்று நாளும் சோறு தின்னவில்லை.

எங்கள் குடும்பம் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டிய ஒரே விசயம் அது. அதைத்தான் நாங்கள் பாரை மீன் போட்டு மூடினோம்.

5

பின்னேரம் நுஸ்ரத் வந்தாள். எல்லாம் எப்படி நடந்தது என்று கேட்டாள். நல்லாப் போச்சு, மாமாட கதையும் கேட்டார், நாங்கள் சமாளித்துவிட்டோம் என்றேன். அவள் கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

"என்ன சமாளிச்ச?"

சொன்னேன். சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

"வாப்பா, நான் அத விண்ணப்பத்துல எழுதியிரிக்கன். மாமாவ மூணு நாள் வச்சிருந்தத, ஏன் எண்டத, எல்லாத்தையும். அவங்களுக்கு மாமா பிரச்சினை இல்ல. வீட்டுல பொய் சொல்லுறாங்களா எண்டதுதான் அவங்க பாக்க வந்த."

"எங்களுக்குத் தெரியாதே மகள்."

"மாமா செஞ்சது உங்களுக்கு வெக்கமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியில் ஒரு பிழைத் தமிழும் இல்லை. அழுதாள். றகீமாவும் அழுதாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. விசரன் மாதிரி நடந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

உண்மையைச் சொல்லப் போக வேண்டும். ஆனால் அது என் கதை இல்லையே. அன்சாருக்குப் போன் எடுத்தேன். பின்னால் எஞ்சின் சத்தம் இல்லை.

"வேல இல்லயா மச்சான்?"

"எங்க வேல? ஒழுங்கையில இன்னமும் ரெண்டு கச்சி. ஒண்டு என்னக் காட்டிக்குடுத்தவன் எண்டு சொல்லுது. மத்தது நானும் அந்தச் சனத்தோட ஆள் எண்டு சொல்லுது. ரெண்டு கச்சியும் எஞ்சின் தாறல்ல."

நான் நடந்ததைச் சொன்னேன். ஒலுவிலும் பொத்துவிலும் என்று சொன்னபோது சிரித்தார். கோமாரியையும் சேர்த்தோம் என்றதும் இன்னும் சிரித்தார். பிறகு சொன்னார்.

"அதக் கிளறாதீங்க எண்டுதான் சொல்லுவன். ஆனா புள்ளைட வேலையெண்டா வேற கத. போய்ச் சொல்லுங்க மச்சான். நான் ஒண்டும் களவெடுக்கல்லியே."

6

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அந்தத் திணைக்களத்துக்குப் போனேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண்பிள்ளை மிகவும் மரியாதையானவள். சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். கொம்பியூட்டரில் தேடினாள். அப்படி ஒரு படிவம் இல்லை. சூழ்நிலை மாற்றத்தை அறிவிக்கும் படிவம் இருக்கிறது, அது சரிவருமா என்று கேட்டாள். சூழ்நிலை மாறவில்லை, நான் சொன்னதுதான் மாறுகிறது என்றேன். அவள் இன்னொருத்தரைக் கூப்பிட்டாள். அவர் முறைப்பாட்டுப் படிவம் தந்தார். யாருக்கு எதிராக முறைப்பாடு என்ற இடத்தில் என் பெயரையே எழுதினேன். முறைப்பாடு செய்தவரும் எதிராளியும் ஒரே ஆளாக இருந்தால் கொம்பியூட்டர் ஏற்காதாம். ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது. கடைசியில் சத்தம் கேட்டுத் தூதரே இறங்கி வந்தார்.

ஒரு சின்ன அறையில் இருத்தி, நான் சொல்லச் சொல்லக் கேட்டார். கலியாண விசாரணை, தொதல், பொலிசு வரக்கூடாத ஒரு மணித்தியாலம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்படியானால் நான் உங்கள் பலகாரத்தைத் தொடாதது பெரிய தவறு" என்றார்.

"பெரிய பிழை. பொஞ்சாதிக்கு இன்னமும் கோவம்."

பிறகு அன்சாரைப் பற்றிச் சொன்னேன். ரின்மீனைச் சொன்ன இடத்தில் பேனையைக் கீழே வைத்துவிட்டார். ஒரு ஊர் நிலையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டே கேள்விதான் உண்டு, முப்பது வருச வேலையில் தான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான் என்றார். பக்கத்து வீட்டில் சந்தேகம் வந்தால் ஒருவன் யாரிடம் போய்ச் சொல்கிறான்? சொன்ன பிறகு அவனுக்கு என்ன நடக்கிறது? மற்றதெல்லாம் நாங்கள் பக்கம் நிரப்புவதற்கு எழுதுவது என்றார்.

"ரெண்டாவது கேள்விக்கு உங்கட அறிக்கையில என்ன எழுதியிரிக்கீங்க?"

எழுந்து போய் அறிக்கையைக் கொண்டுவந்து தேடினார். நானும் கூடக் குனிந்து பார்த்தேன். கரையோரச் சமூகத்திடமிருந்து ஒத்துழைப்புக் கிடைத்தது என்று ஒரு வரி இருந்தது.

"ஆர் குடுத்த?"

"பெயர் இல்லை."

"பேர் இல்லாம ஒத்துழைப்பு எங்கயிருந்து வரும்? மழையோட வந்தா?" எனக்குச் சத்தம் கூடிவிட்டது. "அந்த மனிசன் உசுரக் கையில புடிச்சுக்கொண்டு போய்ச் சொன்னவன். அவனையே புடிச்சு மூணு நாள் அடச்சு வச்சாங்க. இண்டைக்கு அவன்ட கராஜ் பூட்டிக் கிடக்கு. கோப்புல அவன்ட பேரு இரிக்கி, புடிபட்டவன் எண்டு. அறிக்கையில இல்ல. நாளைக்கு இன்னொருத்தன் சந்தேகப்பட்டா வாயத் தொறப்பானா? சொல்லுங்க, நீங்கதானே தூதர்!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கத்தியதற்காக மன்னிப்புக் கேட்டேன். வேண்டாம் என்றார்.

"எங்கட ஊருக்கு வந்தீங்களா?"

"கல்முனையால் போயிருக்கிறேன்."

"எங்க இறங்கினீங்க?"

"இறங்கவில்லை. பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் வேகத்தைக் குறைத்தோம்" என்றார். முகம் சிவந்துபோய்விட்டது. வாசல் வரைக்கும் வந்து என்னை அனுப்பிவைத்தார். நான் சொன்ன அத்தனையையும் எந்தப் படிவத்திலாவது எழுதிச் சேர்ப்பதாகச் சொன்னார்.

7

ஏழு கிழமை ஒரு பதிலும் இல்லை. அந்த ஏழு கிழமையும் நுஸ்ரத் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். தபால்காரன் வரும் நேரத்துக்கு நான் ஜன்னலடியில் நிற்பேன். றகீமா நடுச்சாமத்தில் எழும்பித் தஹஜ்ஜத் தொழுது துஆக் கேட்டாள். நானாவிடமும் சொன்னோம். அவர் தன் பிறைக்காரக் கூட்டத்தில் கேட்கச் சொன்னார், மற்றவர்கள் கந்தூரிப் பக்கம் கேட்டார்கள். ஆண்டவன் எந்தப் பக்கத்தால் கேட்டான் என்று தெரியவில்லை. கடிதம் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது.

மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கேட்ட மேசைதான் கிடைத்தது. ஆனால் கடிதத்தோடு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. அவள் இனி எங்கள் ஊருக்குப் போகக்கூடாது. திணைக்களத்தின் சொந்த ஆலோசனைப்படி அது உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய பிரதேசம். அதை உன்னிப்பாகக் கவனிப்பதுதான் அவளுடைய வேலை. அங்கே போகாமல் கவனிக்க வேண்டும். மற்றது, விசாரணைக் கோப்பில் பெயர் உள்ள உறவினரோடு ஒவ்வொரு தரம் கதைக்கும்போதும் ஒரு தொடர்பு அறிக்கை நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஆரோடு கதைத்தது, என்ன நோக்கம், என்ன கதைத்தது என்று எல்லாம் விபரமாக.

"அப்ப மாமாவோட எப்பிடிக் கதைக்கிற?" என்று கேட்டாள். அவரோடு இனிக் கதைக்காமல் விடுவதா, கதைத்து அவர் சொன்னதை எல்லாம் ஒரு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பதா என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டும் துரோகமாகத் தெரிந்தது. அவரிடமே கேட்போம் என்றேன். வெள்ளிக்கிழமை ஊரில் ஜும்ஆ முடிந்த நேரம் பார்த்துப் போன் எடுத்து, நடுவில் வைத்து, நிபந்தனையை நானே விளக்கிச் சொன்னேன். இனி நீங்கள் கதைப்பது முழுக்கக் கடதாசியில் ஏறும் மச்சான், விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள், பிள்ளை கோபிக்க மாட்டாள் என்றேன்.

பின்னால் கடல் கேட்டது.

"எந்த அரசாங்கத்துக்கு?"

"இந்த அரசாங்கத்துக்கு."

"வாசிப்பாங்களா?"

"வாசிப்பாங்க மாமா" என்றாள் நுஸ்ரத். "வாசிச்சு, கோப்புல வச்சிருப்பாங்க. எறியமாட்டாங்க."

"எத்தின காலத்துக்கு?"

"அம்பது வருசம்."

"அப்ப பேனைய எடுங்க மகள்" என்றார் அன்சார் மச்சான். கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "நான் மெதுவாச் சொல்லுறன். ஒண்டும் விடாம எழுதோணும்."

நுஸ்ரத் படிவத்தை மேசையில் விரித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி மாமா, சொல்லுங்க என்றாள்.

"முதல்ல பேர முழுசா எழுதுங்க. ஆதம்பாவா அன்சார்."